‘போரும் அமைதியும்’ டிஸ்க்குகள்: எது நல்ல பிரதி என்று கண்டுபிடிப்பது எப்படி?

டால்ஸ்டாயின் நாவலை வைத்து செர்கெய் போந்தார்ச்சுக் இயக்கிய ‘போரும் அமைதியும்’ 1966, 67ஆம் ஆண்டுகளில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. சோவியத் நிறுவனமான மாஸ்ஃபிலிம் எடுத்த படம். டிவிடியிலும் புளூ-ரேயிலும் அதற்குப் பல பதிப்புகள் உண்டு. பெட்டியின் முதுகில் ‘முழுமையானது’, ‘மறுசீரமைக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். பிரதியின் பூர்வீகம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

2019இல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட பதிப்பு 422 நிமிடம். பழைய டிவிடிகள் பலவற்றில் 405 நிமிடத்தை ஒட்டிய கணக்கு இருக்கும். 17 நிமிடக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஐரோப்பாவும் இந்தியாவும் பயன்படுத்திய பால் (PAL) என்ற டிவி முறைக்கு 25 பிரேம் வேண்டும். அதனால் படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 422ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 405 வரும். காட்சி எதுவும் குறையாது. ஆனால் ஒலியின் சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் அது அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறிவிடும். படத்துக்கு இசையமைத்த ஓவ்ச்சின்னிக்கோவின் வால்ட்ஸ் நடன இசையை இரண்டு டிஸ்க்கிலும் அடுத்தடுத்துக் கேட்டால் காதுக்கே தெரியும்.

உண்மையாகவே வெட்டுப்பட்ட பிரதியும் உண்டு. 1968இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காக ஆங்கிலத்தில் டப்பிங் செய்த வடிவம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் குறைவானது. ஆறே கால் மணி நேரத்தை ஒட்டிய கணக்கு கண்ணில் பட்டால் அந்த வடிவமாக இருக்கலாம். வாங்கும் முன் விசாரியுங்கள்.

பெட்டியில் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) என்று போட்டிருந்தும் நேரம் 405ஐ ஒட்டி இருந்தால்தான் எச்சரிக்கை தேவை. பால் பிரதியை என்டிஎஸ்சிக்கு மாற்றியிருப்பார்கள். சந்தேகம் தீர இரண்டாம் பாகத்தில் கதாநாயகி நத்தாஷாவின் முதல் நடன விருந்தைப் போடுங்கள். அந்தக் காட்சிக்காக ஒளிப்பதிவுக் குழுவினர் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு நடனமாடுவோருக்கு நடுவே சறுக்கிச் சென்றார்கள். ஆடுபவர்கள், தூண்கள், மெழுகுவத்திகள் என்று எல்லாமே நகர்வதால் குறை ஒளிய இடமில்லை. கணினியில் விஎல்சி பிளேயரைத் திறந்து, குறுக்குக் கோடுகளை மறைக்கும் டீஇன்டர்லேஸ் வசதியை அணைத்துவிட்டு, ஆங்கில ஈ விசையை அழுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். ஒழுங்காகச் செய்த என்டிஎஸ்சியில் எல்லாப் பிரேமும் தெளிவாக வரும், அல்லது ஐந்து பிரேமுக்கு மூன்று தெளிவாகவும் இரண்டு சீப்புப் பல் போன்ற கோடுகளோடும் மாறாமல் வரும். அது குறையல்ல, பிளேயர் சரிசெய்துகொள்ளும். மாற்றியெடுத்த பிரதியில் ஒரே பிரேமில் இரண்டு நத்தாஷாக்கள் ஆவிபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவார்கள். அதை எந்தப் பிளேயராலும் பிரிக்க முடியாது. அந்தப் பதிப்பை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது படச்சட்டம். இது 70 மி.மீ. படம், அந்தச் சட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 2.20க்கு 1. வீட்டுப் பதிப்புகளோ பெரும்பாலும் 2.35 என்கின்றன. 2.20 சட்டத்தின் மேலும் கீழும் வெட்டி 2.35 ஆக்கினால் உயரத்தில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் போகும். பழைய டிவி வடிவமான 4:3க்கு வெட்டினால் அகலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விடும். போரோதினோ போர்க்களத்தை அப்படிப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம்.

பெட்டியை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். விஎல்சியில் ஷிஃப்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பிரேம் படமாகச் சேமிக்கப்படும். கறுப்புப் பட்டை நீங்கலாகப் படத்தின் உயரத்தை எண்ணுங்கள். புளூ-ரேயில் 2.35 என்றால் 817 பிக்சல், 2.20 என்றால் 873. அகலத்திரைப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிக்கும் அனமார்ஃபிக் டிவிடியில் 2.35 படம் பாலில் 436 வரி, என்டிஎஸ்சியில் 363 வரி இருக்க வேண்டும். டிவிடியிலிருந்து சேமித்த படத்தை விஎல்சி நீட்டியிருக்கலாம் என்பதால், மொத்த உயரம் பாலுக்கு 576, என்டிஎஸ்சிக்கு 480 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2.35 படம் 327 அல்லது 272 வரிதான் தேறுகிறது என்றால், அகலத்திரைப் படத்தை 4:3 பெட்டிக்குள் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். பெரிய டிவியில் அது மங்கித் தெரியும்.

படத்தரத்தை ஒப்பிடும் முன் டிவியைச் சரிசெய்துகொள்ளுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரைச்சல் குறைப்பு, ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேன் மூன்றையும் அணையுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள். பிறகு எல்லாப் பதிப்பிலும் ஒரே இடங்களைப் பாருங்கள். முதல் பாகத்தில், அவுஸ்தர்லித்ஸ் போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் இளவரசர் அந்திரேய் பார்க்கும் வானம்: நிறம் மெல்ல மாறாமல் படிக்கட்டுபோல வளையம் வளையமாகத் தெரிந்தால் பிட்ரேட், அதாவது ஒவ்வொரு நொடிக்கும் ஒதுக்கிய தரவின் அளவு, போதவில்லை. மூன்றாம் பாகத்தில் போரோதினோவின் புகை: சதுரக் கட்டங்களாக உடைகிறதா? நடன விருந்தின் வெள்ளை உடைகளில் மடிப்பு தெரிகிறதா, வெறும் வெள்ளையாகிவிட்டதா? நான்காம் பாகத்தில் மாஸ்கோ எரியும்போது, இருட்டில் நடப்பவர்களின் முகம் கறுப்பில் மூழ்குகிறதா?

ஒன்றை மனதில் வையுங்கள். அடுத்தடுத்த ஷாட்களில் நிறம் மாறுவதெல்லாம் டிஸ்க்கின் பிழையல்ல. அன்றைய சோவியத் பிலிம் சுருள்களின் தரம் ஒரே சீராக இல்லை. எடுத்ததையே திரும்ப எடுக்க வேண்டிவந்தது. நிறம் பளிச்சென்று தூக்கி நிற்கும் பதிப்புதான் உயர்ந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முகத்தில் தோலின் அமைப்பும் பிலிமின் மணித்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெழுகுபோல வழித்துவிட்ட முகம் வந்தால், மறுசீரமைப்பு என்ற பெயரில் அளவுக்கு மீறித் துடைத்திருக்கிறார்கள்.

பிட்ரேட்டுக்குக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான முதல் பாகம் மட்டும் அதில் இருந்தால் நொடிக்கு ஏழரை மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். முதலிரண்டு பாகங்களையும் ஒரே டிவிடியில் திணித்தால் நாலரையை ஒட்டி இறங்கிவிடும். புகைக்காட்சி உடைவது அங்கேதான். டிவிடிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால், டிஸ்க் எண்ணிக்கை கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலியில் ரஷ்யத் தடத்தையே கேளுங்கள். கதைமாந்தர் பிரெஞ்சில் பேசும் இடங்களில் ரஷ்யக் குரல் ஒன்று மேலே ஒலித்து மொழிபெயர்க்கும். அது படத்தோடு பிறந்தது. கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். ருசிக்கோ நிறுவனத்தின் டிவிடியில் ஆங்கில, பிரெஞ்சு டப்பிங்கும் உண்டு. ஆனால் டப்பிங்கில் பியராக நடித்த போந்தார்ச்சுக்கின் குரலே போய்விடும். சப்டைட்டிலைச் சோதிக்க, தொடக்கத்தில் வரும் அன்னா பாவ்லோவ்னாவின் விருந்து போதும். பிரெஞ்சு வசனம் வரும்போது எழுத்து காணாமல் போனால் நாவலைப் படிக்காதவர்கள் திணறுவார்கள்.

பணம் கட்டும் முன் ரீஜன் பாருங்கள். டிஸ்க் எந்த வட்டாரத்துப் பிளேயரில் ஓடும் என்பதற்கான குறியீடு அது. இந்தியாவும் இலங்கையும் டிவிடிக்கு 5, புளூ-ரேக்கு சி, ரஷ்யாவும் அதேதான். அதனால் ரஷ்ய டிஸ்க்குகள் ரீஜன் சிக்கலின்றி நம் பிளேயரில் ஓடும். கிரைட்டீரியனின் அமெரிக்க புளூ-ரே ரீஜன் ஏ. சிங்கப்பூர், மலேசியா பிளேயர்களில் ஓடும். சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. கணினி டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். டிஸ்க் வாங்கும் முன் படத்தைப் பார்த்துக்கொள்ள, மாஸ்ஃபிலிமின் யூடியூப் சேனலில் நான்கு பாகங்களும் இலவசமாக உள்ளன.

பிளேயர் ஒத்துவந்தால் 2019 கிரைட்டீரியன் புளூ-ரேயை வாங்குங்கள். 2கே மறுசீரமைப்பு, 5.1 ஒலி, ஒளிப்பதிவாளர் அனத்தோலி பெத்ரீத்ஸ்கியின் பேட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய டிவிடி செட் கையில் இருந்தால், டப்பிங் தடங்களுக்காக அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.