வெயில் பேச்சில் விழும் பிழைகள்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போய்ப் போய் ஒரு வரி எனக்கு மனப்பாடமாகிவிட்டது: “வெயிலுக்கு ஏழை பணக்காரன் தெரியாது.” கைதட்டல் வாங்கும் வரி. முதல் தவறும் அதுதான்.

அமெரிக்காவில் 1930-களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, வீட்டுக்கடனுக்கு ஆகாதவை என ஒதுக்கினார்கள். 108 நகரங்களை அலசிய 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 94 சதவீத நகரங்களில் அந்தச் சிவப்புப் பகுதிகளே இன்றும் கூடுதலாகச் சுடுவது தெரிந்தது. கடன் போகாத தெருவுக்கு மரமும் போகவில்லை.

இங்கே மே மாத மத்தியானத்தில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள் நுழைந்து பாருங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உள்ளங்காலில் சில்லென்று படும். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முற்றத்துக் காற்று. அந்த வளவைப் பெருக்கிவிட்டுப் போகும் அம்மாவின் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூன்று மணிக்கு உள்ளே இருக்க முடியாமல் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டிருப்பார்.

“முன்னோர் போல வீடு கட்டினால் போதும்” என்பார்கள் சிலர். எனக்கும் அந்த வீடுகள் பிடிக்கும். ஆனால் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பணத்தில் பெரும்பங்கு கடல்தாண்டிய லேவாதேவியில் வந்தது. அதைச் சொல்லாமல் கட்டடக்கலையை மட்டும் புகழ்வது பாதிப் பேச்சு.

அமெரிக்கக் கதையில் இனம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சாதியை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் பிழை. அங்கே வங்கியும் வரைபடமும் செய்ததை இங்கே ஊரணிப் படித்துறை செய்தது: யார் குடம் வைக்கலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்று. ஒப்பிடலாம், ஆனால் இரண்டின் வரலாற்றையும் தனித்தனியே படித்துவிட்டு.

2004 சுனாமியைக் காலநிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. மக்கள்தொகை மீதும் பழிபோட வேண்டாம். சராசரி அமெரிக்கர் வெளியிடும் கரியமில வாயு, சராசரி இந்தியருடையதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அந்த இந்தியச் சராசரிக்குள்ளும் ஏசி அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் தாய் நூறு நாள் வேலையில் கண்மாய் மண் சுமந்து மயங்கி விழுந்த நேரத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினாள். காலை பதினொன்றரை மணி. அவளுக்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. என் தாளில் முதலிடம் போட்டிருந்தேன்.