கோபோட் பக்கத்தில் வேலையா? முதலில் இடுக்கைப் பாருங்கள்

சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் தோட்டத்திலிருந்து வேன் ஏறி பெக்டரிக்குப் போகும் பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். கோபோட் என்றால் ஆளுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் ரோபோ. அதற்குக் கூண்டு இல்லை, பட்டால் தானே நின்றுவிடும் என்று பயம் விட்டுப்போகிறது. அங்கேதான் கவனம் வேண்டும்.

இடிப்பதைவிட நசுக்குவதுதான் ஆபத்து. இடித்தால் நம் கை பின்னால் நகரும். மேசைக்கும் ரோபோவுக்கும் நடுவில் மாட்டினால் நகர இடமேது? கோபோட் பாதுகாப்புக்காக 2016-இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற அனைத்துலக வழிகாட்டி, கையும் விரலும் நசுங்கும் நிலைக்கு 140 நியூட்டன் விசைதான் வரம்பு என்கிறது. பட்டதும் விலகினால் அதில் இரு மடங்கு வரை.

அதனால் ஷிப்ட் தொடங்குமுன் லைன் லீடரிடம் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ரோபோ தாழ வரும் இடங்களைக் குறித்துவைத்து, அது நின்றபின் இடைவெளியை அளந்து பாருங்கள். விரலுக்குக் குறைந்தது 25 மி.மீ., கைக்கு 100 மி.மீ. வேண்டும். குறைந்தால் மேசையை நகர்த்தலாம், இல்லை தடுப்பு வைக்கலாம்.

அப்புறம், நுனியில் மாட்டிய கருவி. ரோபோ எவ்வளவு சாதுவானாலும் பிடிப்பானில் கூர்முனை இருந்தால் விரல் போய்விடும். பிடிப்பானையோ ப்ரோகிராமையோ மாற்றினால் ஆபத்து மதிப்பீட்டையும் புதிதாகச் செய்யக் கேளுங்கள்.

கேட்கத் தயங்க வேண்டாம். உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அங்கிருந்து விலகும் உரிமையை 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த மலேசிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் தருகிறது.