முதல் தேன் மது: சின்ன ஜாடியில் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், அதனால் இது பிரிட்டன், கனடா மாதிரி சொந்த உபயோகத்துக்கு அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறல் சங்கப் பாடல்களிலேயே வருகிறது, எனக்கு இதில் ஆசை வந்ததே அப்படித்தான்.

4.5 லிட்டர் கண்ணாடி ஜாடி, 1.3 கிலோ தேன், 5 கிராம் ஒயின் ஈஸ்ட், ஏர்லாக் (உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி), ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை வைத்து சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கருவி). ஜாடி, கரண்டி எல்லாவற்றையும் கழுவி, கிருமிநீக்கித் திரவத்தில் நனைத்து எடுங்கள். தேனைக் கொதிக்க வைக்காதீர்கள், வாசனை போய்விடும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஜாடியின் கழுத்துக்குக் கீழே நிற்கும் அளவுக்கு நீர் சேர்த்து, நன்றாகக் குலுக்கி, ஆறியதும் ஈஸ்ட் போட்டு, ஏர்லாக்கால் மூடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: தேனில் சர்க்கரை ஏராளம், ஆனால் ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு, ஈஸ்ட் பட்டினி கிடந்தால் அழுகின முட்டை நாற்றம் வரும். உலர் திராட்சை போட்டால் போதும் என்பார்கள், போதாது. கடையில் கிடைக்கும் ஈஸ்ட் சத்துப்பொடியை, பாக்கெட்டில் சொன்ன அளவில், முதல் மூன்று நாட்களுக்குப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடும்.

அப்புறம் 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில், இருட்டில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்; இரண்டு வார இடைவெளியில் அது காட்டும் அளவு மாறவில்லை என்றால்தான் வண்டல் விட்டு வேறு ஜாடிக்கு மாற்றி, தெளிந்ததும் பாட்டிலில் அடைக்கலாம். குமிழி நின்றதை மட்டும் நம்பி அடைத்தால் பாட்டில் வெடிக்கும். ஆறு மாதமாவது தொடாதீர்கள்.