வழிகாட்டியின் குறிப்பறிந்து இயங்கும் கண்காட்சி அறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ ஓர் அறையை ஒதுக்கி, கீழடியைப் பற்றிக் கண்காட்சி வைக்கச் சொன்னால் பெரும்பாலும் நான்கு சுவரிலும் பதாகைகள்தான் ஏறுகின்றன. அதே அறையில் விளக்கும் குரலும் தாமாக இயங்கினால், பிள்ளைகளின் கைக்கும் வேலை கிடைத்தால், அங்கிருந்து அவர்களைக் கிளப்புவது கடினம். ஆர்டுயினோ பலகையில் ஒரு எல்இடியை எரியவிடத் தெரிந்தவர்கள் இதைச் செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தானியங்கி என்பதற்காக அறை தன்பாட்டுக்கு ஓடக் கூடாது. வழிகாட்டி பேசும்போது அது வாய்மூடி இருக்க வேண்டும். அவர் அழைக்கும்போது வர வேண்டும். கீழே வரும் எல்லாமே இதற்காகத்தான்.

படி 1: பொருள்களைக் குறையுங்கள்

கொந்தகையில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கிருப்பதையெல்லாம் உங்கள் அறையில் அடக்க முயலாதீர்கள். 15க்கு 12 அடி அறைக்கு நான்கு நிலையங்கள் போதும்: அகழாய்வின் ஆழம், எழுத்துப் பொறித்த பானை ஓடு, தக்களி, பகடை. ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் வேண்டாம். எல்லாப் பொருளும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மாதிரிகளாக இருக்கட்டும். உங்கள் ஊர்க் குயவரிடம் சொன்னால் அருமையாகச் செய்துகொடுப்பார்.

தக்களி நிலையத்துக்கு மின்சாரமே தேவையில்லை. ஒரு சுடுமண் தக்களியும் கொஞ்சம் பஞ்சும் வையுங்கள். நூற்றுப் பார்க்கட்டும்.

படி 2: ஆழத்தைச் சுவரில் இறக்குங்கள்

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை சொல்கிறது. 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 205. வாயால் சொன்னால் இவை வெறும் எண்கள். பத்தடி உயர அறையின் உயரமே 305 செ.மீ.தான். எனவே கூரையிலிருந்து எல்இடி பட்டையைச் சுவர்வழியே இறக்கி, மீதி 48 செ.மீ. நீளத்தைத் தரையில் ஓடவிடுங்கள். ஒளிப்புள்ளி மெல்ல இறங்கி, 200 செ.மீ. குறியில் சற்று நின்று, தரையைத் தொட்ட பிறகும் ஓடும்போது, இந்த அறைக்குள் அடங்காத ஆழம் அது என்பது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.

இதற்கு விளக்குகளைத் தனித்தனியே எரியவிடக்கூடிய டபிள்யூஎஸ்2812பி பட்டை வேண்டும். மீட்டருக்கு 60 விளக்குகள் உள்ள வகை என்றால் மொத்தம் 210ஐத் தாண்டும். முழு வெண்மையில் ஒரு விளக்கு ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். அனைத்தையும் ஒரே நேரத்தில் எரித்தால் 12 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். ஐந்தாறு விளக்குகள் மட்டும் எரிந்து நகரும்படி நிரல் எழுதினால் 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரே தாங்கும். தரையில் வரும் துண்டை அலுமினியப் பட்டைக்குள் பதித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கால் தடுக்கும்.

படி 3: எழுத்தை ஒளியால் எழுப்புங்கள்

எனக்கு மிகவும் பிடித்த நிலையம் இது. கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் தமிழியில், அதாவது பழந்தமிழ் எழுத்தில், பொறிக்கப்பட்டிருக்கிறது. மூன்றே எழுத்து. சுட்ட மண் ஓட்டில் இரும்பு ஆணியால் அதைக் கீறுங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் நிழலும் நன்றாக விழும். கீறல் ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும்.

மேலிருந்து நேராக வெளிச்சம் விழும்போது அந்த ஓட்டில் எதுவுமே தெரியாது. ஓட்டின் பக்கவாட்டில், ஏறக்குறைய அதே மட்டத்தில், ஒரு சிறிய எல்இடி துண்டைப் பொருத்துங்கள். ஒளி ஓட்டின் மேல் சாய்வாக வழுக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டு படிப்பவர்கள் தேய்ந்த எழுத்தைப் பார்க்கக் கையாளும் முறையும் இதுதான்.

வழிகாட்டி முதலில் ஓட்டைக் காட்டி, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பார்கள். பொத்தானை அழுத்தியதும் மேல்விளக்கு இரண்டு நொடியில் மங்கி, பக்கவிளக்கு மெல்ல ஏற வேண்டும். இந்த இடத்தில் பதிவுசெய்த குரலைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எழுத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்தட்டும். மேல்விளக்கும் 12 வோல்ட் எல்இடியாக இருந்தால் இரண்டையும் மாஸ்ஃபெட் தொகுதிகள் (மின்னணு சுவிட்சுகள்) மூலம், ஆர்டுயினோ போலவே நிரல் எழுதக்கூடிய இஎஸ்பி32 பலகையே மங்கவும் ஏறவும் வைக்கும்.

படி 4: குரல்

பகடைக்கு மட்டும் குரல் வைக்கலாம். மாதிரிப் பகடையின் அடியில் சிறு காந்தமும் மேசையின் மெல்லிய ப்ளைவுட்டுக்குக் கீழே, காந்தம் அருகில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சும் ஒட்டுங்கள். கதவு அலாரத்தில் இருக்கும் அதே சுவிட்ச்தான். பகடையை எடுத்ததும் காந்தம் விலகும், குரல் தொடங்கும். டிஎஃப்பிளேயர் மினி என்ற சிறு பலகை எம்பி3 கோப்புகளை நேரடியாக 3 வாட் ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்யும். மெமரி கார்டு 32 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. இஎஸ்பி32இலிருந்து அதற்குப் போகும் தரவுக் கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தால் இரைச்சல் குறையும். பதிவு அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

படி 5: கட்டுப்பாடு வழிகாட்டியின் கையில்

பலரும் ஆளை உணரும் பிஐஆர் சென்சாரை வாசலில் வைத்து எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். வழிகாட்டியுடன் வரும் குழுவுக்கு அது ஒத்துவராது. பிஐஆர் உணர்வது உடல்வெப்பத்தின் அசைவை. பதினைந்து பேர் அசையாமல் கதை கேட்கும்போது, யாருமில்லை என்று நினைத்து விளக்கை அணைத்துவிடும். பிந்தி ஓடிவரும் ஒரு சிறுவன், பேச்சின் நடுவே எல்லாவற்றையும் மறுபடி தொடக்கிவிடுவான். அறையில் பத்து நிமிடம் எந்த அசைவும் இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

மற்றதெல்லாம் நான்கு பொத்தான் உள்ள 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் இருக்கட்டும்: அடுத்தது, முந்தையது, நிறுத்து, எல்லா விளக்கும். ரிசீவர் 5 வோல்ட் வெளியிடும் வகை என்றால் அதை நேரடியாக இஎஸ்பி32இல் இணைக்காதீர்கள். இரண்டு ரெசிஸ்டர்களால் 3.3 வோல்ட்டுக்குக் குறைத்த பிறகே இணையுங்கள்.

நிரலில், பலகையை அப்படியே காத்திருக்க வைக்கும் டிலே கட்டளையைத் தவிர்த்து, கடந்த மில்லிநொடிகளைச் சொல்லும் மில்லிஸ் கணக்கைப் பயன்படுத்துங்கள். டிலே ஓடும் நேரத்தில் 'நிறுத்து' பொத்தானை அழுத்தினால் பலகைக்குக் காது கேட்காது. அந்தப் பொத்தான் எந்த நொடியிலும் வேலை செய்தே ஆக வேண்டும்.

படி 6: மின்சாரமும் ஒத்திகையும்

மின்சாரம் போய்த் திரும்பினால் அறை எந்த நிலையில் விழிக்க வேண்டும்? மேல்விளக்கு முழுதாக எரிய வேண்டும், குரல் மௌனமாக இருக்க வேண்டும். நிரலின் முதல் வரிகளிலேயே இதை எழுதிவிடுங்கள். 230 வோல்ட் வேலை எதுவானாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் செய்யட்டும். மேல்விளக்கு மங்கும்போதும் வாசலும் தரையும் தெரிகின்றனவா, சக்கர நாற்காலி எல்லா மேசைக்கும் போகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, இந்த அறையைக் கட்டாத ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுத்து, ஒரு வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லுங்கள். நீங்கள் ஓரமாக நின்று பார்த்தால் போதும், வாய் திறக்காதீர்கள். அவர் ரிமோட்டைக் குனிந்து பார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, பொத்தான்களின் வரிசையை அதற்கேற்ப மாற்றுங்கள்.