கேலக்ஸியின் ஒளிர்வை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேலக்ஸிக்குக் கறாரான விளிம்பு கிடையாது. மையத்திலிருந்து விலக விலக மங்கி, வானத்தின் பின்னணி ஒளியில் கரைந்துவிடும். படத்தில் தெரியும் விளிம்பு, நம் கருவி எட்டிய பரப்புப் பொலிவு (வானில் குறிப்பிட்ட பரப்பிலிருந்து வரும் ஒளியின் அளவு) எல்லைதான். அதற்குள் விழுந்த ஒளியைக் கூட்டி ‘மொத்த ஒளிர்வு’ என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் தவறு.

‘எல்லாவற்றுக்கும் ஒரே எல்லைதானே, ஒப்பிடும்போது பிழை அடிபட்டுப் போகும்’ என்று நம்புவது அதைவிட ஆபத்து. கணக்குப் போட்டே பார்க்கலாம். எல்லை சதுர விகலைக்கு (விகலை என்பது பாகையின் 3600-ல் ஒரு பங்கு) 25 பொலிவெண் (எண் கூடினால் மங்கல் கூடும்) என்று வைத்துக்கொள்வோம். கேலக்ஸியின் தட்டையான வட்டின் ஒளி வெளிநோக்கி அடுக்குக்குறி முறையில் குறைகிறது. மையப் பொலிவு 21.65 என்றால் சுமார் 81 சதவீத ஒளி எல்லைக்குள் சிக்கும். இந்த 21.65, சுருள் கேலக்ஸிகளின் வட்டுகளுக்கு 1970-ல் வானியலாளர் கென் ஃப்ரீமன் கண்ட மதிப்பு. மையமே 24 என்றால் கால் பங்குகூடத் தேறாது. முன்னதில் பிழை 0.2 பொலிவெண், பின்னதில் ஏறத்தாழ 1.6. மையமே 25-ஐத் தாண்டி மங்கியிருந்தால் அந்தக் கேலக்ஸி பட்டியலிலேயே இருக்காது. வானியலாளர் மைக் டிஸ்னி 1976-லேயே இதை எச்சரித்தார். மாலின் 1 என்ற மாபெரும் வட்டு 1980-கள் வரை யார் கண்ணிலும் படாததற்கு அதன் மங்கல்தான் காரணம்.

தொலைவு இன்னும் கெடுக்கும். செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு; தொலைவு கூடினால் இதுவும் கூடும்) 1-ல் பரப்புப் பொலிவு 16 மடங்கு, அதாவது 3 பொலிவெண் குறைகிறது. மற்ற மாற்றங்களை விட்டுவிட்டாலும், அதே 21.65 வட்டில் 25 என்ற எல்லைக்குள் எஞ்சுவது 4 சதவீதம்! தொலைவிலுள்ளவற்றை அவற்றின் பழைய நிலையில்தான் பார்க்கிறோம்; இதைக் கவனிக்காமல் ‘அந்தக் காலத்துக் கேலக்ஸிகள் ஒளி குன்றியவை’ என்று முடிவுகட்டக் கூடாது.

பெட்ரோசியன் அளவீடு என்ற முறையில் எல்லையைக் கேலக்ஸியின் ஒளிப்பரவலே தீர்மானிப்பதால் இந்த மங்கல் அதைப் பாதிக்காது. ஆனாலும் ஸ்லோன் என்ற பெரும் வான் கணக்கெடுப்பில் உள்ளதுபோன்ற அளவீட்டில்கூட, வெளிப்புறம் நீளும் நீள்வட்டக் கேலக்ஸிகள் ஐந்தில் ஒரு பங்கு ஒளியை இழக்கலாம்.

பின்னணியைக் கழிப்பதிலும் கவனம் தேவை. இருண்ட வானமே சதுர விகலைக்குச் சுமார் 22. அப்படியானால் கேலக்ஸியின் 27 அளவுக்கு மங்கிய வெளிப்புறம் வானத்தின் ஒளியில் நூறில் ஒரு பங்கு. கேலக்ஸிக்கு மிக அருகிலேயே பின்னணியை எடுத்தால் அதன் புறஒளியையும் சேர்த்துக் கழித்துவிடுவோம்.

எவ்வளவு ஒளி தொலைகிறது என்பதை அறிய, ஒளிர்வு தெரிந்த செயற்கைக் கேலக்ஸிகளை அதே படத்தில் பதித்து, அதே முறையில் அளந்து பாருங்கள். மங்கலானவற்றையும் மறக்காமல் பதியுங்கள்.