ஆர்மீனியக் குடும்பத்தோட சொந்த ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படி

என் மனைவி பெய்ரூட்ல பொறந்த ஆர்மீனியப் பொண்ணு. கல்யாணமான புதுசுல அவங்க பாட்டிகிட்ட, உங்களுக்குச் சொந்த ஊர் எதுன்னு கேட்டேன். பெய்ரூட்னு சொல்லுவாங்கன்னு நெனச்சா, யோசிக்கவே இல்ல, மராஷ்னாங்க (இப்போ துருக்கியில இருக்கு). அந்த ஊரை அவங்க கண்ணால பாத்ததே கிடையாது. அவங்க அம்மா சின்னப் புள்ளையா இருக்கும்போது 1920 பனிக்காலத்துல அங்கேருந்து தப்பிச்சு வந்தவங்க, அவ்ளோதான். லாஸ் ஏஞ்சலஸ்ல, மார்செய்ல, புவெனஸ் அயர்ஸ்ல இருக்குற ஆர்மீனியர் கிட்ட கேட்டாலும் இப்படித்தான் ஒரு ஊர்ப் பேரு வரும். பாஸ்போர்ட் ஒரு நாடு, பொறந்தது இன்னொரு நாடு, ஊர் மட்டும் அது.

ஆனா நிறைய குடும்பத்துல அந்த ஊர்ப் பேரே விட்டுப்போச்சு. ஆர்மீனியக் குடும்பத்துல வாக்கப்பட்டவங்க, பொண்ணெடுத்தவங்க, ஆர்மீனிய ஃப்ரெண்டுக்குத் தேடிக் குடுக்க நெனக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எங்க பொண்ணுக்காக நாங்க மூணு வருஷம் தேடுனதுல கத்துக்கிட்டது.

முதல்ல குடும்பப் பேரைப் பிரிச்சுப் பாருங்க. கடைசில வர்ற 'யான்' இன்னாரோட வழி வந்தவங்கன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி இருக்குறதுதான் விஷயம். டெமிர்ஜியான்னா கொல்லர் வீடு, டெர்ஸியான்னா தையல்காரர் வீடு, எக்மெக்ஜியான்னா ரொட்டி சுட்டவங்க, போயாஜியான்னா சாயம் போட்டவங்க. இதெல்லாம் துருக்கி வார்த்தைங்க, ஏன்னா ஒட்டோமான் ஆட்சில கடைத்தெரு மொழி அதுதான். பேருக்கு முன்னாடி 'டெர்' இருந்தா முன்னோர்ல ஒருத்தர் பாதிரியார் (அவங்க சர்ச்சுல பாதிரியார் கல்யாணம் பண்ணிக்கலாம், அதனால தயங்காம நம்பலாம்). மராஷ்லியான் மாதிரி ஊரே பேருக்குள்ள இருந்துட்டா உங்களுக்கு பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்பெல்லிங்கையும் கவனிங்க. பம்பரம்னு சொல்றப்போ முதல் ப வேற ஒலி, ரெண்டாவது ப வேற ஒலி இல்லையா, அந்த ரெண்டு ஒலியும் ஆர்மீனிய மொழியோட ரெண்டு வகையான மேற்கு ஆர்மீனியத்துலயும் கிழக்கு ஆர்மீனியத்துலயும் இடம் மாறி நிக்கும். பெத்ரோஸ்ங்கிற பேரை இங்கிலீஷ்ல P போட்டு Petros-னு எழுதியிருக்காங்களா இல்ல பம்பரத்தோட ரெண்டாவது ப ஒலிக்கான B போட்டு Bedros-னு எழுதியிருக்காங்களான்னு பாருங்க. முதல் வகைன்னா பெரும்பாலும் ஆர்மீனியா, ரஷ்யா, ஈரான் பக்கத்துக் கிழக்குக்காரங்க, ரெண்டாவதுன்னா ஒட்டோமான் நாட்டுலேருந்து செதறுன மேற்குக்காரங்க. ஒரே ஒரு எழுத்து, ஆனா எந்த நாட்டு ஆவணத்தத் தேடணும்னு அதுவே சொல்லிடும். அந்த மேற்கு ஆர்மீனியத்தத்தான் யுனெஸ்கோ 2010-ல அழியும் ஆபத்துல இருக்குற மொழின்னு பட்டியல்ல சேத்தது, அதனால அத வீட்ல பேசுற பெரியவங்க இருந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க.

பெரியவங்க கிட்ட பேசுறதுதான் இருக்குறதுலயே கஷ்டமான பகுதி, முக்கியமான பகுதியும் அதுதான். 1915-ல என்ன நடந்துச்சுன்னு நேரா கேக்காதீங்க. அந்த வருஷம் ஏப்ரல் 24 அன்னைக்கு இஸ்தான்புல்ல எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பாதிரியார்கள்னு பிடிச்சுட்டுப் போனதுலேருந்து ஆரம்பிச்சு, ஊர் ஊரா ஜனங்கள சிரியா பாலைவனத்துப் பக்கம் நடக்க வச்சு, லட்சக்கணக்குல செத்துப்போன கதை அது, நிறைய பாட்டிங்க அத வாய்விட்டுச் சொன்னதே இல்ல. சின்னச் சின்னதா கேளுங்க. உங்க அம்மா என்ன தாலாட்டு பாடுனாங்க, கோதுமையும் கறியும் போட்டு ராத்திரி பூரா கிண்டுற ஹரிசா உங்க வீட்ல எப்போ செய்வாங்க, ஜனவரி 6 கிறிஸ்துமஸுக்கு என்ன இனிப்புன்னு கேளுங்க. செப்டம்பர்ல பெரிய பெரிய அண்டாவுல ஊரே கூடி ஹரிசா கிண்டுவோம்னு சொன்னா இப்போ துருக்கியில இருக்குற மூசா தாக் மலைக்காரங்களா இருக்க வாய்ப்பு அதிகம். தவக்காலத்துல கொண்டக்கடலை மாவுக்குள்ள வெங்காயமும் எள்ளும் வச்சு டோப்பிக்னு ஒண்ணு செய்வோம்னாங்கன்னா இஸ்தான்புல் பக்கம் தேடிப் பாருங்க. எங்க பாட்டி ஊர்ப் பேருக்கு மேல ஒண்ணும் சொல்லல, ஆனா ரொட்டி மாவு பெசையும்போது அவங்க அம்மா பாடுன நாலு வரிய முணுமுணுத்தாங்க, நாங்க மூணு பேரும் அப்படியே நின்னு கேட்டோம்.

அப்புறம் பெட்டியத் தொறங்க. பழைய தையல் துணி இருந்தா அது ஆவணம்தான், வெறும் துணின்னு ஒதுக்கிடாதீங்க. மராஷ் தையல்ல நூல் துணிக்கு மேலயே ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு போகும். ஐன்தாப் வேலைல துணியோட இழைய உருவிட்டு அந்த ஓட்டையில வெள்ள நூலால வலை மாதிரி கட்டியிருப்பாங்க. பாத்தவங்க ஊரச் சொல்லிடுவாங்க.

கடிதங்கள், பைபிளோட முதல் பக்கம், இதுல நாங்க பண்ணுன தப்ப நீங்க பண்ணாதீங்க. ஒரு கட்டு கடிதம் கெடச்சுது, எழுத்து ஆர்மீனியம். ஆர்மீனியம் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்பி ரெண்டு மாசம் காத்திருந்தோம், அவரு எழுத்து புரியுது வாக்கியம் புரியலன்னு திருப்பி அனுப்பிட்டாரு. கடைசில பாத்தா அது துருக்கி மொழி, ஆர்மீனிய எழுத்துல எழுதுனது! மராஷ், ஐன்தாப், அடானா பக்கம் நிறைய வீட்ல துருக்கிதான் பேசுவாங்க, எழுதும்போது மட்டும் தங்களோட எழுத்த விடல. 405 வாக்குல மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் உருவாக்குன எழுத்து அது, பேச்சு மாறுனப்பவும் அத இவங்க கைவிடலன்னு புரிஞ்சப்போ எனக்குத் தொண்ட அடைச்சுக்கிச்சு. அதனால ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆளப் புடிங்க.

கல்லறைக் கல்லு கெடச்சா வருஷத்த எழுத்துலேருந்தே எடுக்கலாம். நம்ம பழைய கணக்குல க-ன்னா 1, அ-ன்னா 8 இல்லையா, அதே மாதிரி ஆர்மீனிய எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டு. ஆரம்பத்துல 36 எழுத்து, ஒம்பது ஒம்பதா நாலு வரிசை. முதல் வரிசை ஒண்ணுலேருந்து ஒம்பது, அடுத்தது பத்துகள், அப்புறம் நூறுகள், ஆயிரங்கள். கல்லுல இருக்குறத கூட்டிட்டு அதோட 551 சேருங்க, ஏன்னா அவங்க ஆண்டுக்கணக்கு 552-ல தொடங்குது. 1221-ன்னு வந்தா 1772. ஜூல்ஃபா வியாபாரிங்க காகிதத்துல மட்டும் உஷாரா இருங்க, அவங்க 1616-ல ஆரம்பிக்கிற அசாரியா கணக்கையும் வச்சிருந்தாங்க, அதனால நூத்தம்பது மாதிரி சின்ன எண் வந்தா குழம்பிடாதீங்க, 1615 சேத்துப் பாருங்க.

அந்த ஜூல்ஃபாக்காரங்க கதை தனி. 1604-05 வாக்குல ஈரான் ராஜா ஷா அப்பாஸ் அவங்கள அரஸ் ஆத்தங்கரையிலேருந்து பெயர்த்து இஸ்ஃபஹான் பக்கத்துல குடியேத்துனாரு, அங்கேருந்து சூரத், கல்கத்தா, மெட்ராஸ்னு வியாபாரத்துக்கு வந்தாங்க. சென்னை ஆர்மீனியன் தெருவத் தமிழ்ல அரண்மனைக்காரன் தெருன்னு ஆக்கிட்டோம், பேருக்குள்ள இருந்த ஆளுங்க அப்படியே மறஞ்சு போயிட்டாங்க. அங்க இருக்குற சர்ச்சு வளாகத்துல நிறைய கல்லறைக் கல்லு இருக்கு. உலகத்தோட முதல் ஆர்மீனியப் பத்திரிகை அஸ்தாரார் 1794-ல வந்ததும் மெட்ராஸ்லதான், நடத்துனவரு ஹருத்யூன் ஷ்மவோனியன்ங்கிற பாதிரியார். தேடுற குடும்பம் இந்த வழின்னா லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்குற இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்ல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பாருங்க.

மத்தவங்களுக்கு கப்பல் பட்டியல், அகதிப் பாஸ்போர்ட், அனாதை இல்லப் பதிவு, இந்த மூணுதான். 1924-லேருந்து ஆர்மீனியருக்கும் நான்சென் பாஸ்போர்ட் குடுத்தாங்க, ஃபிரான்ஸ் போனவங்களுக்கு மார்செய் துறைமுகமும் அங்க இருந்த ஓடோ (Oddo) அகதி முகாமும் முக்கியம். வயச மட்டும் நம்பாதீங்க. அனாதைப் புள்ளைங்க பலருக்குப் பொறந்த தேதி தெரியாது, பல்லப் பாத்து ஒயரத்தப் பாத்து எழுதுனது, சில பேருக்கு அப்பா பேரே குடும்பப் பேரா ஆயிடுச்சு. அண்ணன் தம்பிக்கு வேற வேற குடும்பப் பேரு இருந்தா ஆச்சரியப்படாதீங்க. அந்தச் சமயத்துல டிஎன்ஏ டெஸ்ட் உதவும், பிரிஞ்சுபோன அக்கா தங்கச்சியோட பேரப் புள்ளைங்க அதுல மாட்டுவாங்க. திடீர்னு குடும்பத்துல ஒரு கிளை காணாமப் போனா 1946-48-ல சோவியத் ஆர்மீனியாவுக்குக் குடிபோனவங்களான்னு கேளுங்க, சிரியா, லெபனான், ஃபிரான்ஸ்லேருந்தெல்லாம் போனாங்க.

ஊர்ப் பேரு கெடச்சதும் மேப்ல போட்டா வராது, அதுக்காக சோர்ந்துடாதீங்க. ஐன்தாப் இப்போ காசியான்டெப், மராஷ் இப்போ கஹ்ரமான்மராஷ், செபாஸ்தியா இப்போ சிவாஸ், கரின் இப்போ எர்சுரூம். கிராமங்கள் பேரெல்லாம் இருபதாம் நூற்றாண்டுல மாத்திட்டாங்க. செவன் நிஷான்யான் தொகுத்த இணைய அகராதில பழைய பேரு புதுப் பேரு ரெண்டும் கெடைக்கும். பெர்லின்லேருந்து நடத்துற ஹூஷமத்யான் தளத்துல ஊர் ஊரா அங்க இருந்த பள்ளிக்கூடம், தொழில், சாப்பாடு, பாட்டு எல்லாம் போட்டிருக்காங்க. நான் தினம் ராத்திரி அத படிச்சுட்டுதான் தூங்குவேன்.

ஒரு வழி மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்க இப்போ குடியிருக்குற தெருவோட பேரக் கேளுங்க. பெய்ரூட் பக்கத்துல பூர்ஜ் ஹம்மூத்ல நோர் மராஷ், நோர் அடானா, நோர் சிஸ்னு பேட்டைங்க இருக்கு, நோர்னா புதுசு. யெரவான்ல அரப்கிர், மலாத்தியா-செபாஸ்தியா, நோர் ஸெய்துன். 1939-ல மூசா தாக்லேருந்து லெபனான் அன்ஜாருக்கு வந்தவங்க, மலைல இருந்த ஆறு கிராமத்தோட பேரையும் ஆறு தெருப்பகுதிக்கு வச்சுட்டாங்க. ஊர விட்டுட்டு வந்தப்போ கையில எடுத்துட்டு வர முடிஞ்சது பேரு ஒண்ணுதான்.

கெடச்ச ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் பின்னாடி பென்சில்ல எழுதி வைங்க, மை வேணாம் ஊறிடும். யாரு, எந்த வருஷம், எந்த ஊர், பழைய பேரும் புதுப் பேரும் ரெண்டும். காப்பி ஒண்ண அமெரிக்காவுல வாட்டர்டவுன்ல இருக்குற ப்ராஜெக்ட் சேவ் மாதிரி ஃபோட்டோ காப்பகத்துக்கு அனுப்பலாம், 1975-லேருந்து ஆர்மீனியக் குடும்பங்களோட படங்கள சேத்துக்கிட்டு இருக்காங்க. எங்க பாட்டி படத்துக்குப் பின்னாடி எங்க பொண்ணே ஆர்மீனிய எழுத்துல மராஷ்னு எழுதுனா, கீழ தமிழ்லயும் ஒரு தடவ.