ஜெயித்த ராத்திரியில் மார்க் போடுவது எப்படி

சொந்த மைதானத்தில் ஜெயித்த ஃபுட்பால் மேட்ச் முடிந்ததும் நம்ம ஆட்கள் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்குப் போடும் மார்க்கைக் கொஞ்சம் பாருங்கள். கோல் அடித்தவருக்குப் பத்து, கோல் வாங்காத கீப்பருக்கு ஒன்பது, மிச்சம் இருக்கிற எல்லாருக்கும் வாரி வழங்கிய எட்டு. அடுத்த வாரம் தோற்றால் அதே ஆட்களுக்கு நாலு, மூணு, "இவனை முதல்ல வித்துத் தொலைங்கப்பா". இதில் ஆட்டத்தைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது, ஸ்கோரையே வேறு மாதிரி மறுபடி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தோற்ற அன்றைக்கு எங்கே தப்பு என்று ஆளாளுக்குத் தோண்டுவார்கள், ஜெயித்த அன்றைக்கு யாரும் தோண்டமாட்டார்கள். அதனால் மார்க் போடப் பழகுவதற்கு ஜெயித்த மேட்ச்தான் சரியான இடம்.

உதாரணத்துக்கு எல்லாரும் பார்த்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2019 மே 7, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டு, லிவர்பூல் 4, பார்சிலோனா 0. ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது லெக், அதாவது ஆளுக்கொரு மைதானத்தில் ஆடி கோல்களைக் கூட்டிப் பார்க்கும் இரண்டு மேட்ச்சில் இரண்டாவது. ஆறு நாள் முன்னால் பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் 3-0 என்று லிவர்பூல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தது, முன்களத்தில் சலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. நமக்கு அது நடுராத்திரி 12.30க்கு ஆரம்பித்த மேட்ச், முடிந்தபோது தூக்கம் வந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது, பார்சிலோனா ரசிகர்கள் உட்பட. அந்த வெறியில் போட்ட மார்க் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இந்த மேட்ச்சுக்கு நிதானமாக மார்க் போட முடிந்தால் சாதாரண 2-1 வெற்றியெல்லாம் ஜுஜுபி.

முதலில் அளவுகோல்

ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, உங்கள் கணக்கில் 6 என்றால் என்ன என்று முடிவு பண்ணிவிடுங்கள். பாதிச் சண்டை இதை முடிவு பண்ணாததால்தான் வருகிறது. இத்தாலியப் பத்திரிகைகளில் 6 என்றால் பாஸ், அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் சம்பாதித்தது. ஜெர்மனியின் கிக்கர் பத்திரிகையில் எல்லாம் தலைகீழ், அங்கே பள்ளிக்கூட மார்க் மாதிரி 1 தான் சிறந்தது, 6 படுமோசம். பிரான்ஸின் லெகிப் பத்திரிகை 10 கொடுத்தால் அதுவே ஒரு தனிச் செய்தி. இந்த ஆன்ஃபீல்டு மேட்ச்சுக்கு மறுநாள் ஆம்ஸ்டர்டாமில் டாட்டன்ஹாமுக்காக இரண்டாம் பாதியில் மட்டும் மூன்று கோல் அடித்து, அதுவும் மூன்றாவதை இஞ்சுரி டைமில் அடித்து, அணியை ஃபைனலுக்குக் கூட்டிப்போன லூக்காஸ் மூராவுக்கு அப்படி ஒரு 10 கிடைத்தது. உங்கள் தெருவில் அந்த அளவுக்கு ஒருத்தர் ஆடும்வரை 10ஐப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது.

நான் வைத்திருப்பது எளிமையான அளவு. 6 என்றால் கொடுத்த வேலையைச் செய்தார், குறையும் இல்லை, பேசவும் ஒன்றும் இல்லை. 7 என்றால் அவர் செய்த ஒரு காரியத்தையாவது நிமிடத்தோடு சொல்ல முடியும். 8 என்றால் அவர் இருந்த பக்கம் மேட்ச் சாய்ந்தது. 9 என்றால் அவர் இல்லாவிட்டால் இந்த ரிசல்ட்டே இல்லை. 5 என்பது ஜெயித்த அணியிலும் உண்டு, அதை மறக்காதீர்கள். பதினோரு பேருக்கும் போட்டு முடித்தபிறகு உங்கள் பட்டியலில் மிகக் குறைந்த மார்க்கே 7 என்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஆஃப் டைமிலேயே ஒரு மார்க்

இது ரொம்பச் சின்ன வேலை, ஆனால் இதைவிட உதவுவது எதுவும் இல்லை. முதல் பாதி முடிந்ததும் எல்லாருக்கும் பென்சிலால் ஒரு மார்க் எழுதிவிடுங்கள். கடைசி விசிலுக்கு அப்புறம் மொத்தமாக எழுதினால் கடைசி இருபது நிமிடம்தான் மனதில் நிற்கும், முதல் இருபது நிமிடம் நடந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

லிவர்பூலின் ஷகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சலா இல்லாததால் உள்ளே வந்தவர். முதல் பாதியில் அவரிடம் போன பந்து பல தடவை அப்படியே எதிராளியிடம் போய்ச் சேர்ந்தது, ஆஃப் டைமில் நான் போடும் மார்க் 5. அப்புறம் 56வது நிமிடத்தில் இடது பக்கத்திலிருந்து அளந்து வைத்த மாதிரி ஒரு கிராஸ், ஆஃப் டைமில் மாற்றாக வந்த விஜ்னால்டம் தலையால் முட்டி 3-0, இரண்டு லெக்கும் சேர்த்து மொத்தக் கணக்கு சமன். அந்த ஒரு கிராஸ் கப்பையே மாற்றிய கிராஸ், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக அந்த முதல் பாதியை அழித்துவிட முடியாதே. 7 கொடுத்தேன். மேட்ச் முடிந்த சூட்டில் அவருக்கு 9 கொடுத்தவர்கள் நிறைய, ஆஃப் டைம் சீட்டு கையில் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கோலைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்

ஹைலைட்ஸ் என்பது கோல் அடித்தவருக்காக வெட்டப்பட்ட வீடியோ. அதனால் ஒவ்வொரு கோலையும் குறைந்தது அரை நிமிடம் பின்னால் தள்ளி அங்கிருந்து பார்க்க வேண்டும்.

7வது நிமிட கோல். லிவர்பூலின் ஒரிகி வலைக்குள் தட்டிவிட்டார், பெயர் அவருக்கு. அதற்கு முன்னால் அதே அணியின் ஹெண்டர்சன் பெனால்டி பெட்டிக்குள் நுழைந்து அடித்ததை பார்சிலோனா கீப்பர் டெர் ஸ்டேகன் தட்டிவிட, அது ஒரிகி காலடியில் விழுந்தது. சரி, ஹெண்டர்சனிடம் பந்து எப்படிப் போனது? பார்சிலோனாவின் இடது பேக் ஜோர்டி ஆல்பா தன் கீப்பரை நோக்கித் தலையால் தட்டிய பந்து ஏனோதானோ என்று போக, அதை மோப்பம் பிடித்து நடுவில் புகுந்து பறித்தது லிவர்பூலின் மானே. அந்த கோலில் மானே அடித்தவரும் இல்லை, அடித்தவருக்குக் கடைசிப் பாஸ் போட்டு அசிஸ்ட் கொடுத்தவரும் இல்லை. அந்த இரவு முழுக்க ஆல்பாவின் பின்னாலேயே, இன்னொரு தடுப்பாட்டக்காரர் பிக்கேவின் பின்னாலேயே அலைந்து அவர்களை நிம்மதியாக ஒரு பாஸ் போடவிடாமல் செய்த வேலைக்கும் புள்ளிவிவரத்தில் எந்தக் கட்டத்திலும் டிக் விழாது. அதைப் பார்த்து மார்க் போடுவதற்குத்தான் ரசிகர் என்று ஒருவர் தேவைப்படுகிறார்.

54வது நிமிடம் இன்னும் சுவாரசியம். வலது ஓரத்தில் லிவர்பூலின் வலது பேக் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் பந்தைக் கோட்டைவிட்டார், அதுவும் ஆல்பாவிடம். அடுத்த நொடியே திரும்பிப் பாய்ந்து அதைப் பிடுங்கி, தலையைத் தூக்கி, தாழ்வாக ஒரு பாஸ் உள்ளே, விஜ்னால்டம் வந்த வேகத்திலேயே அடிக்க, டெர் ஸ்டேகன் கையில் பட்டும் உள்ளே போனது. இதில் மைனஸ் எவ்வளவு, பிளஸ் எவ்வளவு? என் கணக்கில் பந்தை விட்டதற்குக் கால் மார்க் கழிக்கலாம், திரும்பப் பிடுங்கியதற்கு ஒன்று கூட்ட வேண்டும், ஏனென்றால் பந்தை விட்டவுடன் கையை விரித்து ரெஃப்ரியைப் பார்க்கும் ஃபுல் பேக்குகளை, அதாவது ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்களைத்தான் நாம் வாரம் தவறாமல் பார்க்கிறோம்.

நான்காவது கோலைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, அதனால் சுருக்கமாக. 79வது நிமிடம், கார்னர், ஷகிரி எடுக்க வருகிறார் என்று அலெக்சாண்டர்-ஆர்னால்ட் நகர்ந்து போகிற மாதிரி போய், சட்டென்று திரும்பி அடித்துவிட்டார், பார்சிலோனாவில் பாதிப் பேர் பந்தையே பார்க்கவில்லை. அப்போது அவருக்கு வயது 20. பார்த்த அடுத்த ஆள் ஒரிகி. அவ்வளவு வேகத்தில் வந்த பந்தை அவர் பதறாமல் பக்கக்காலால் திருப்பினதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, கார்னர்தான் எல்லாப் புகழையும் கொண்டுபோய்விட்டது. ஒரிகிக்கு 8, அலெக்சாண்டர்-ஆர்னால்டுக்கு 9.

கீப்பருக்கு ஒரு தனிக் கேள்வி

கோல் வாங்கவில்லை என்பது கீப்பரின் மார்க்குக்குக் காரணமே ஆகாது. 4-0 மேட்ச்சில் கீப்பர் சும்மா நின்றிருந்தாலும் அந்த வரி வரும். கேட்க வேண்டிய கேள்வி: அவரைத் தாண்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மொத்தக் கணக்கு சமனானால் எதிராளி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதி அன்றைக்கு இருந்தது (2021ல்தான் ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யூஃபா அதை எடுத்தது). அதாவது பார்சிலோனா ஒரே ஒரு கோல் அடித்திருந்தால்கூட லிவர்பூலுக்கு நாலு போதாது, ஐந்து வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு லிவர்பூல் கீப்பர் அலிசனைத் திரும்பப் பாருங்கள். முதல் பாதியில் பார்சிலோனாவின் மெஸ்ஸியைத் தடுத்தார், கோட்டின்யோவைத் தடுத்தார், ஆஃப் டைமுக்குச் சற்று முன்னால் தனியாக உள்ளே வந்த ஆல்பாவின் காலடியில் போய் விழுந்தார், இரண்டாம் பாதி ஆரம்பத்தில் சுவாரஸைத் தடுத்தார். ஒவ்வொன்றும் 1-0, அதாவது அணி இன்னும் மொத்தக் கணக்கில் பின்னால் இருந்த நேரம். 4-0 ஆன பிறகு பிடித்த பந்துக்கும் 1-0ல் பிடித்த பந்துக்கும் ஒரே மார்க் இல்லை. அலிசனுக்கு 9, இதில் நான் பேரம் பேசத் தயாரில்லை.

வேலை மாறினால் மார்க்கும் மாறும்

ஆஃப் டைமில் லிவர்பூல் இடது பேக் ராபர்ட்சன் காயத்தால் வெளியே போனார், விஜ்னால்டம் நடுக்களத்துக்கு வந்தார், நடுக்களத்தில் இருந்த மில்னர் இடது பேக்குக்குப் போனார். 33 வயது, அவருக்குப் பிடிக்காத இடம், எதிரே மெஸ்ஸி உலாவும் பக்கம். மில்னரை மிட்ஃபீல்டராக நினைத்து மார்க் போட்டால் 6, இரண்டாம் பாதியில் அவரிடம் கேட்ட வேலைக்குப் போட்டால் 8. அந்த அளவு வித்தியாசம் வரும்.

லிவர்பூல் நடுக்கள ஆட்டக்காரர் ஃபாபின்யோவும் அப்படித்தான். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே சுவாரஸ் மேல் போட்ட டேக்கிளுக்கு மஞ்சள் அட்டை. அதற்கப்புறம் எண்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இன்னொரு தப்பு செய்தால் வெளியே என்ற நிலையில், மெஸ்ஸிக்கும் சுவாரஸுக்கும் முன்னால் நின்று விளையாடினார். அட்டை வாங்கியதற்குக் கழியுங்கள், வாங்கியபின் ஒதுங்கி நிற்காமல் ஆடியதற்குக் கூட்டுங்கள்.

மாற்று ஆட்டக்காரர்களுக்கு ஒரே விதி: இருபது நிமிடமாவது ஆடியிருக்க வேண்டும். 85வது நிமிடம் வந்த கோமஸுக்கும் கடைசியில் வந்த ஸ்டர்ரிட்ஜுக்கும் ஒரு கோடு போட்டால் போதும், பாசத்தில் 6 போடாதீர்கள். விஜ்னால்டம் 45 நிமிடம் ஆடி இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல். பெஞ்சில் உட்காரவைத்ததற்குப் பயங்கரக் கோபத்தில் இருந்ததாக மேட்ச் முடிந்ததும் அவரே சொன்னார், அந்தக் கோபத்துக்கும் சேர்த்து 9.

ஆப் என்ன சொல்கிறது என்பதைக் கடைசியில் பாருங்கள்

ஹூஸ்கோர்ட், சோஃபாஸ்கோர் எல்லாம் ஒவ்வொரு தொடுதலையும் எண்ணிக் கூட்டிக் கழித்து மார்க் போடுகிறவை. கோல், அசிஸ்ட், டேக்கிள் என்று எண்ண முடிந்ததை நன்றாக எண்ணும். ஒரு சென்டர் பேக் சரியான இடத்தில் நின்றதால் எதிராளி அந்தப் பாஸையே போடவில்லை என்றால் அதற்கு அங்கே கட்டம் இல்லை. அதனால் உங்கள் மார்க்கை எழுதி முடித்தபின் திறந்து பாருங்கள். ஒரு மார்க்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஆளை மட்டும் மறுபடி பத்து நிமிடம், கமென்ட்ரி சத்தத்தை அணைத்துவிட்டு, பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். சில சமயம் ஆப் சரி, சில சமயம் நீங்கள் சரி.

நேரில் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். சென்னையின் எஃப்சி ஆடும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தய டிராக் நடுவில் இருப்பதால் ஆட்டக்காரர் முகம் தெரியாது என்று குறைப்படுகிறோம், ஆனால் மேல் வரிசையில் உட்கார்ந்தால் அணி மொத்தமும் எப்படி நகர்கிறது என்று டிவியில் தெரியாதது தெரியும். 2018 மார்ச் 13ல் அங்கே கோவாவை 3-0 என்று தோற்கடித்து இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஃபைனலுக்குப் போனார்கள். ஜேஜே இரண்டு, நம்ம சென்னைக்காரர் தன்பால் கணேஷ் தலையால் முட்டி ஒன்று. கணேஷ் என்றதும் எல்லாருக்கும் அந்த ஹெட்டர்தான் ஞாபகம். ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை தடுப்பது, எதிரே இருந்தது அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி, அதன் ஆட்டக்காரர் கோரோ மட்டுமே 18. அவர்கள் அன்றைக்குச் சைபர். கோலைக் கையால் மறைத்துவிட்டு அவர் மார்க்கை யோசித்துப் பாருங்கள், அப்புறம் கோலுக்கு ஒன்று கூட்டுங்கள்.

கடைசியாக, மார்க்கை மட்டும் தனியாகப் போடாதீர்கள், பக்கத்தில் ஒரு வரி, முடிந்தால் நிமிடத்தோடு. அந்த ஆன்ஃபீல்டு மேட்ச்சில் லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் மாட்டிப்புக்கு வெறுமனே "மாட்டிப் 7" என்று எழுதினால் உங்களோடு சண்டை போடக்கூட ஒன்றும் இல்லை. "மாட்டிப் 7, கூட இருந்த வான் டைக் முன்னேறிப் போனபோதெல்லாம் பின்னால் தனியாக நின்று சமாளித்தார்" என்று எழுதினால் எதிரே இருப்பவர், எங்கே, எந்த நிமிடம், காட்டு பார்க்கலாம் என்று வருவார். வரட்டும். முழு மேட்ச் வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஹெண்டர்சனுக்கு 7ஆ 8ஆ என்பது இன்னும் முடியாத வழக்கு. முழங்காலில் அடி வாங்கிக்கொண்டே தொண்ணூறு நிமிடமும் ஓடியதற்காக நான் 8 பக்கம்.